நச்சு வேறு, வாசல் வேறு: பாக்டீரியாக்களின் சுரப்பு மரபணுக்களை ஒப்பிடும்போது

காலரா நச்சுக்கு மரபணு இரண்டே இரண்டுதான். அவற்றை விப்ரியோ காலரேவுக்குள் கொண்டுவருவது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு இழை வடிவ வைரஸ், சிடிஎக்ஸ் ஃபேஜ். 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் இதைக் காட்டினார்கள். ஆனால் அந்த நச்சு செல்லை விட்டு வெளியேறும் வாசல் ஃபேஜில் இல்லை. அது வகை 2 சுரப்பு அமைப்பு: செல்லுக்குள் உருவான புரதங்களை வெளியே தள்ளும், எண்ணிட்டு வகை பிரித்த புரத இயந்திரங்களில் ஒன்று. இபிஎஸ்-சி முதல் இபிஎஸ்-என் வரை 12 மரபணுக்கள் பெரிய குரோமோசோமில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஃபேஜ் நுழையாத, காலரா நோயே உண்டாக்காத விப்ரியோ காலரேவிலும் இதே வரிசை இருக்கிறது. அங்கே அது கைட்டினைச் சிதைக்கும் கைட்டினேஸ் நொதியையும் புரதம் செரிக்கும் நொதிகளையும் வெளியே தள்ளுகிறது. இன்னும் வேடிக்கை, ஃபேஜும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது. மற்ற இழை ஃபேஜ்கள் வெளிச்சவ்வில் துளை போடும் செக்ரெட்டின் புரதத்தைத் தாங்களே கொண்டுவரும். சிடிஎக்ஸ் ஃபேஜ் கொண்டுவருவதில்லை. செல்லின் இபிஎஸ்-டியை இரவல் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஒரு பக்கம் நச்சு உள்ளவை, மறுபக்கம் நச்சு இல்லாதவை என்று ஜீனோம்களை (ஒவ்வொரு பாக்டீரியாவின் முழு டிஎன்ஏவை) அடுக்கி, சுரப்பு மரபணு உண்டா இல்லையா என்று அட்டவணை போட்டால், விப்ரியோவில் எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றே விழும். பல நேரம் வாசல் அந்தக் குலத்தின் பழைய சொத்து. நச்சு பிறகு வந்து சேர்ந்தது. ஒப்பீட்டுக்கு இறங்கும் முன் இதை மனதில் இருத்தாவிட்டால், பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆய்வகங்களில் வளரும் சாதுவான ஈ.கோலை கே-12இல் ஜிஎஸ்பி என்ற பெயரில் வகை 2 அமைப்பின் முழு மரபணுக் கூட்டமும் இருக்கிறது. ஆனால் எச்-என்எஸ் என்ற டிஎன்ஏ பிணைப்புப் புரதம் அதை அடக்கி வைத்திருப்பதால் வழக்கமான வளர்ப்பில் அது வேலை செய்வதில்லை. எச்-என்எஸ்ஸை நீக்கினால் கைட்டினேஸ் வெளியே வருகிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை எச்10407இலோ வேறொரு ஜிஎஸ்பி கூட்டம் இருக்கிறது. வெப்பத்தால் அழியும் எல்டி நச்சை வெளியேற்றுவது அதுதான். மூன்றுக்கும் 'வகை 2 உண்டு' என்று ஒரே குறி போட்டுவிட்டால் ஒப்பீட்டில் சாரமே இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. மரபணு இருக்கிறதா? உடையாமல் இருக்கிறதா? அது இந்த அமைப்பைச் சேர்ந்ததா, ஒத்த சாயல் கொண்ட வேறொன்றா? வெளிப்படுகிறதா? ஜீனோம் வரிசை முதல் மூன்றுக்குப் பதில் தரும். நான்காவதற்குத் தராது, அதிகம் போனால் ஒரு சந்தேகத்தை எழுப்பும். அந்த இடத்தில் நின்றுகொள்வது நல்லது.

ஜீனோம் தேர்வில்தான் பாதி வேலை இருக்கிறது. நான்கு அடுக்காக எடுங்கள்: நச்சு உள்ள விகாரங்கள் (ஒரே இனத்தின் உட்பிரிவுகள்), அதே இனத்தில் நச்சு இல்லாத விகாரங்கள், அடுத்த இனங்கள், கொஞ்சம் தள்ளிய உறவு ஒன்று. இரண்டாவது அடுக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், காணும் வேறுபாடு நச்சோடு வந்ததா இனத்தோடு வந்ததா என்று பிரிக்க வழியில்லை. பொதுத் தரவுத்தளங்களில் நோய்ப் பரவலின்போது எடுத்த விகாரங்களே குவிந்து கிடக்கும். ஏறக்குறைய ஒரே ஜீனோமின் நகல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அவை நூறு சாட்சிகள் ஆகா, ஒரு சாட்சிதான். சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 99.5 சதவீதத்துக்கு மேல் போகிறவற்றை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று முழுமையாக மூடப்பட்ட, அதாவது இடைவெளியின்றி முழுதாகக் கோத்த, ஜீனோமாக இருந்தால் சிறப்பு. துண்டு ஜீனோமாக இருந்தால், ஜீனோமின் தரத்தை மதிப்பிடும் செக்எம் மென்பொருளின் கணக்கில் முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்படம் 5 சதவீதத்துக்குக் கீழும் இருக்கட்டும். கலப்படத்தை அசட்டை செய்யாதீர்கள். பக்கத்துப் பாக்டீரியாவின் சில துண்டுகள் கலந்தாலே, இல்லாத சுரப்பு அமைப்பு ஒன்று முளைத்துவிடும்.

பழகிக்கொள்ள போர்டெடெல்லாவை விட நல்ல தொகுப்பு கிடைப்பது அரிது. கக்குவான் இருமலுக்குக் காரணமான பெர்டுசிஸ், அதன் உறவுகளான பாராபெர்டுசிஸ், பிராங்கிசெப்டிகா ஆகிய மூன்றின் ஜீனோம்களும் 2003இல் ஒன்றாக வெளியாயின. அளவுகள் முறையே சுமார் 4.09, 4.77, 5.34 மெகாபேஸ். பெர்டுசிஸ் நச்சின் ஐந்து மரபணுக்களும், அதை வெளியேற்றும் பிடிஎல் அமைப்பின் ஒன்பது மரபணுக்களும் ஒரே புரோமோட்டருக்கு (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதிக்கு) பின்னால் தொடராக நிற்கின்றன. விப்ரியோ போல் அல்லாமல், இங்கே நச்சும் வாசலும் ஒரே வீட்டில். பாராபெர்டுசிஸிலும் பிராங்கிசெப்டிகாவிலும் இதே தொடர் இருக்கிறது. ஆனால் புரோமோட்டர் பகுதியில் உள்ள மாற்றங்களால் அங்கே அது பேசுவதில்லை. புரத வரிசையை மட்டும் ஒப்பிடும் எந்த முறையும் மூன்றையும் நச்சு சுரப்பவை என்றே சொல்லும். மரபணுவுக்கு மேலே உள்ள 300 முதல் 500 பேஸையும் தனியாக வெட்டியெடுத்து அடுக்கிப் பார்த்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். இந்தப் படியை ஒப்பீட்டுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். கடைசியில் நினைவு வந்தால் செய்துகொள்ளலாம் என்று விட்டால் நினைவு வராது.

பிடிஎல் இன்னொரு பாடமும் சொல்லும். இது வகை 4 அமைப்பு. செடிகளில் கட்டி உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தின் விர்பி மரபணுக்களின் உறவு. பிடிஎல்-சி என்பது விர்பி4, பிடிஎல்-எஃப் என்பது விர்பி9, பிடிஎல்-எச் என்பது விர்பி11 என்று ஒன்றுக்கு ஒன்று பொருந்திக்கொண்டே போகும். ஆனால் விர்பி1, விர்பி5, விர்டி4 மூன்றுக்கும் இங்கே இணை கிடையாது. 'அக்ரோபாக்டீரியத்தில் இருப்பது எல்லாம் இருந்தால்தான் வகை 4' என்று விதி போட்டால், கண்முன்னே வேலை செய்யும் ஓர் அமைப்பை 'குறைபட்டது' என்று தள்ளிவிடுவீர்கள். பிடிஎல்-ஐ மரபணுவைக் கவனியுங்கள்: அகர வரிசையில் கடைசிப் பெயர், ஆனால் நிற்பது டிக்கும் ஈக்கும் நடுவில். மிகச் சிறியது என்பதால் முதல் கணக்கெடுப்பில் தவறிப்போய், பிறகு சேர்க்கப்பட்டதன் அடையாளம் அது. விர்பி7 போன்ற சிறு லிப்போபுரதங்களுக்கு இன்றைக்கும் இதே கதிதான். 100 அமினோ அமிலத்துக்குக் குறைவான மரபணு 'இல்லை' என்று வந்தால் உடனே நம்ப வேண்டாம். பக்கத்து மரபணுக்களுக்கு இடையே உள்ள டிஎன்ஏவை ஆறு சட்டங்களிலும் (மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கக்கூடிய ஆறு வழிகளிலும்) புரதமாக மொழிபெயர்த்துத் தேடுங்கள்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. ஒரே வகை 2 பாகத்துக்கு விப்ரியோவில் இபிஎஸ், ஈ.கோலையில் ஜிஎஸ்பி, கிளெப்சியெல்லாவில் பியூஎல், டிக்கேயாவில் அவுட், ஏரோமோனாஸில் எக்ஸ்இ என்று ஊருக்கு ஒரு பெயர். எழுத்தாவது ஒத்துப்போகிறதே என்று நிம்மதி அடைய முடியாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் எக்ஸ்சிபி வரிசையின் எழுத்துகள் தள்ளி நிற்கும். எக்ஸ்சிபி-கியூ என்பது ஜிஎஸ்பி-டி, எக்ஸ்சிபி-ஆர் என்பது ஜிஎஸ்பி-ஈ, எக்ஸ்சிபி-டி (XcpT) என்பது ஜிஎஸ்பி-ஜி. பேசிலஸ் சப்டிலிஸில் 'இபிஎஸ்' என்று தேடினால் கிடைப்பது சர்க்கரைப் பசை உண்டாக்கும் ஓபரான் (சேர்ந்து இயங்கும் மரபணுத் தொடர்). சுரப்பு அமைப்போடு அதற்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை. பெயரை வைத்துத் தேடி அட்டவணை போடுவது வேலையைக் கெடுத்துக்கொள்ளும் மிக வேகமான வழி. எல்லா ஜீனோமையும் ஒரே கருவியில், ஒரே பதிப்பில் மரபணுக்கள் எங்கே உள்ளன, எவை என்று மறுபடி குறித்துவிட்டு (பக்டா அல்லது புரோக்கா போதும்) வரிசையை வைத்தே தேடுங்கள். ஒன்றை ஒரு கருவியிலும் இன்னொன்றை வேறொன்றிலும் குறித்தால், மரபணு தொடங்கும் இடம் முதற்கொண்டு மாறும். அந்த மாற்றத்தைப் பரிணாமம் என்று எண்ணிக்கொள்வோம்.

தேடலுக்கு, ஒரு புரதத்தை எடுத்துப் பிளாஸ்ட் (வரிசை ஒப்பிடும் கருவி) செய்வதை விட, ஒரு குடும்பத்தின் பல புரதங்களிலிருந்து செய்த எச்எம்எம் புரொஃபைல் நல்லது. அடுத்த இனம் வரை பிளாஸ்ட் தாங்கும், அதற்கு அப்பால் சிறு பாகங்களைத் தவறவிடும். மேக்சிஃபைண்டர் மென்பொருளும் அதற்கான டிஎக்ஸ்எஸ்ஸ்கேன் மாதிரித் தொகுப்பும் இந்த வேலைக்கென்றே செய்தவை. ஈ-மதிப்பு (இப்படிப்பட்ட பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரும் என்ற கணக்கு) 0.001க்குக் கீழ், புரொஃபைலில் பாதியாவது பொருந்த வேண்டும் என்பது தொடங்கப் போதுமான வரம்பு. ஈ-மதிப்பு தரவுத்தளத்தின் அளவோடு சேர்ந்து ஏறும் என்பதை மறக்க வேண்டாம். அதே பொருத்தம் பத்து மடங்கு பெரிய தொகுப்பில் பத்து மடங்கு மோசமாகத் தெரியும். ஒரு ஜீனோமைத் தனியாகவும் இன்னொன்றை ஐம்பதோடு சேர்த்தும் தேடினால் வரம்பே மாறிவிடும். புரொஃபைல் தேடும் எச்எம்எம்இஆர் மென்பொருளில், தரவுத்தள அளவைக் குறிக்கும் இசட் அளவுருவுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து எல்லாத் தேடலுக்கும் நிலையாக வையுங்கள், அல்லது ஈ-மதிப்பை விட்டுவிட்டுப் பிட் மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது கேள்வி, 'இது இந்த அமைப்பைச் சேர்ந்ததா?', உண்மையில் சிக்கலானது. சுரப்பு அமைப்புகள் ஒன்றுக்கொன்று பங்காளிகள். வகை 2க்கு ஆற்றல் தரும் ஏடிபேஸ் ஜிஎஸ்பி-ஈயும், வகை 4 பைலியின் (செல்லின் மேல் நீளும் மயிரிழைகள், வகை 4 சுரப்பு அமைப்பு அல்ல) பில்-பியும் ஒரே குடும்பம். செக்ரெட்டின் டொமைன் வகை 2, வகை 3, வகை 4 பைலி, இழை ஃபேஜ் எல்லாவற்றிலும் வரும். வகை 3இன் உட்சவ்வுப் பாகங்கள் பெரும்பாலும், நீந்த உதவும் வாலான ஃப்ளாஜெல்லாவிலும் இருக்கும். நீந்தும் பாக்டீரியாவில் தேடினால் கட்டாயம் அகப்படும். ஃப்ளாஜெல்லாவில் செக்ரெட்டின் கிடையாது. எனவே 'செக்ரெட்டின் கட்டாயம், ஃப்ளாஜெல்லாவுக்கே உரியவை தடை' என்ற விதி இந்த இரண்டையும் பிரிக்கும். மேக்சிஃபைண்டரில் ஒவ்வொரு பாகத்தையும் கட்டாயம், துணை, தடை என்று குறிக்க முடிவது இதற்காகத்தான். இரண்டு பாகங்களுக்கு இடையே எத்தனை மரபணு இடைவெளி விடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 5 முதல் 10 வரை வைத்தால் பெரும்பாலும் சரிவரும்.

அதே விதிகள் சில இடங்களில் கவிழ்க்கவும் செய்யும். வகை 2க்குத் தேவையான முன்பைலின் பெப்டிடேஸ் (சில பாகங்களின் முனையை வெட்டிப் பக்குவப்படுத்தும் நொதி) விப்ரியோ காலரேவில் இபிஎஸ் கூட்டத்துக்குள் இல்லை. பில்-டி என்ற பெயரில் பைலி மரபணுக்களோடு நிற்கிறது, இரண்டு அமைப்புக்கும் அதுவே உழைக்கிறது. அதைத் 'தனித்து நிற்கலாம், பல அமைப்புக்குப் பொது' என்று குறிக்காவிட்டால் ஒரு பாகம் குறைவாகவே வரும். கிளமிடியாவில் வகை 3 மரபணுக்கள் ஒரே இடத்தில் இல்லாமல் பல துண்டாகச் சிதறியிருக்கும். இடைவெளி விதியை அப்படியே போட்டால் அமைப்பே இல்லை என்று வரும். செக்ரெட்டினை வெளிச்சவ்வுக்குக் கொண்டுசேர்க்கும் பைலட்டின் இன்னொரு பொறி. கிளெப்சியெல்லாவின் பியூஎல்-எஸ்ஸும் விப்ரியோவின் ஏஎஸ்பி-எஸ்ஸும் ஒரே வேலை செய்கின்றன, ஆனால் வரிசையிலும் வடிவத்திலும் உறவில்லை. ஒன்றின் புரொஃபைலால் மற்றொன்றைத் தேடினால் கிடைக்காது. அந்த 'இல்லை'க்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒரே ஜீனோமில் ஒரே வகை இரண்டு முறை இருக்கும்போது, பரஸ்பர முதல் பொருத்தம் (இரு ஜீனோமிலும் ஒன்றையொன்று முதலிடத்தில் காட்டுபவையே இணை) என்ற பழைய உத்தி ஏமாற்றும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் ஆர்ஐஎம்டி 2210633இல் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு வகை 3 உண்டு. முதலாவது அந்த இனத்தில் பரவலாக இருப்பது. இரண்டாவது டிடிஎச் நச்சு மரபணுக்களோடு ஒரு தீவில் இருப்பது. அந்த இரண்டாவதன் உறவு காலரா நச்சு இல்லாத சில விப்ரியோ காலரே விகாரங்களிலும் தென்படுகிறது. எந்தப் பிரதி எதற்கு இணை என்று தெரிய பரிணாம உறவைக் காட்டும் மரம் வரைந்தே ஆக வேண்டும். ஏடிபேஸை எடுத்து மாஃப்டில் அடுக்கி, ஐக்யூ-ட்ரீயில் வரைந்து, தெரிந்த உறுப்பினர்களை ஒவ்வொரு வகையிலிருந்தும் இரண்டிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தை இன மரத்தோடு பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வாசல் குலத்தோடு இறங்கி வந்தது. முரண்பட்டால், கிளையின் ஆதரவு மதிப்பும் நன்றாக இருந்தால், பக்கவாட்டில் வந்திருக்கலாம். ஜிசி சதவீதம், அருகில் டிஆர்என்ஏ மரபணு, வெளி டிஎன்ஏவை ஜீனோமில் செருகும் இன்டகிரேஸ் இருப்பது எல்லாம் துணைச் சான்றுகள். ஜிசியை மட்டும் வைத்து 'தீவு' என்று அறிவிப்பது அவசரம்.

இனி 'இல்லை' என்ற பதிலைப் பற்றி. பொது மரபணுத் தரவுத்தளமான என்சிபிஐயின் குறிப்பு முறையில், வாசிப்புச் சட்டம் உடைந்த மரபணு போலி மரபணு என்று குறிக்கப்படும். அதற்குப் புரதம் எழுதப்படாது. நீங்கள் இறக்கிய புரதக் கோப்பில் அது இருக்கவே இருக்காது. உடைந்ததும் அறவே இல்லாததும் ஒரே வெற்றுக் கட்டமாகிவிடும். பெர்டுசிஸ் போல மரபணுக்களை இழந்துகொண்டே வந்த பாக்டீரியாவில் இது பெரிய பிழை, ஏனென்றால் உடைந்தவைதான் அங்கே கதையே. புரதத் தேடலில் கிடைக்காத ஒவ்வொன்றையும், புரதத்தை டிஎன்ஏவோடு ஒப்பிடும் டிபிளாஸ்ட்என் கொண்டு முழு டிஎன்ஏவில் மறுபடி தேடுங்கள். கிடைத்தால் நீளத்தைப் பாருங்கள்: இணையின் 80 சதவீதத்துக்கும் குறைவா, நடுவில் நிறுத்தக் குறியா, செருகு தொடர் (ஜீனோமுக்குள் இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு) புகுந்ததா. ஒரே எழுத்து தொடர்ந்து ஆறேழு முறை வரும் இடத்தில் ஒரு பேஸ் கூடிக் குறைந்திருந்தால், அது வரிசைப்படுத்தும் கருவியின் பிழையாகவும் இருக்கலாம். பழைய நானோபோர் தரவில் அது வெகு சாதாரணம்.

துண்டு ஜீனோமின் ஓரங்களையும் பாருங்கள். பெர்டுசிஸில் ஐஎஸ்481 என்ற செருகு தொடர் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஆயிரம் பேஸைச் சற்றே தாண்டும். 150 பேஸ் வாசிப்புகளால் அதைக் கடக்க முடியாது. ஜீனோம் நூற்றுக்கணக்கான துண்டாகிவிடும். மரபணு ஒரு துண்டின் முனையில் முடிந்தால் அதை 'முனையில் வெட்டுப்பட்டது' என்று தனியாகக் குறியுங்கள். மேக்சிஃபைண்டருக்கும் இது முக்கியம்: வரிசை தெரிந்த ஜீனோமா, வரிசை தெரியாத தொகுப்பா என்று கேட்கும். துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி முழு வட்டம் என்று கொடுத்தால், இல்லாத அக்கம்பக்கத்தை அது நம்பிவிடும்.

நச்சுக்கும் வாசலுக்கும் தொடர்பு சொல்ல, புரதத்தின் முன்முனையில் உள்ள ஏற்றுமதி முத்திரையைக் கண்டுபிடிக்கும் சிக்னல்பி 6 மென்பொருள் உதவும், எல்லா இடத்திலும் அல்ல. காலரா நச்சும் பெர்டுசிஸ் நச்சும் முதலில் செக் என்ற பொதுக் கடத்துப் பாதை வழியாக உட்சவ்வைக் கடந்து, இரு சவ்வுக்கு நடுவில் கூடி உருவான பிறகே வெளிவாசலுக்குப் போகின்றன. முன்முனையில் அந்த முத்திரையான சமிக்ஞை பெப்டைடு தெளிவாகத் தெரியும். வகை 1இல் அது கிடையாது. ஈ.கோலையின் ஹீமோலைசின் எச்எல்ஒய்-ஏ 1024 அமினோ அமில நீளம். சமிக்ஞை கடைசி 60 சொச்சத்தில் இருக்கிறது, வெட்டப்படுவதும் இல்லை. அதைக் கிளைசின் மிகுந்த ஒன்பது எழுத்து மீள்தொடர்களை வைத்துத்தான் பிடிக்க முடியும். வகை 1இன் மூன்று பாகங்களும் பொல்லாதவை. ஏபிசி கடத்திகள் எந்த ஜீனோமிலும் பத்துக்கணக்கில் இருக்கும், நடு இணைப்பான் மருந்து வெளியேற்றும் பம்புகளிலும் வரும், வெளிச்சவ்வுக் குழாயான டால்-சி ஊருக்கே பொது. எச்எல்ஒய் ஓபரானில் டால்-சி இல்லை, ஜீனோமில் வேறெங்கோ இருக்கிறது. பெர்டுசிஸின் அடினைலேட் சைக்ளேஸ் நச்சு ஓபரானிலோ அதற்கு இணையான சிஒய்ஏ-ஈ உள்ளேயே இருக்கிறது. ஏபிசி கடத்தியும் இணைப்பானும் அருகருகே இருந்தால் மட்டுமே வகை 1 என்று எண்ணுங்கள்.

கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலில் இந்த முறை முழுவதும் நின்றுபோகும். நச்சு ஏ 308, நச்சு பி 270 கிலோடால்டன். சமிக்ஞை பெப்டைடு இல்லை, தெரிந்த எண்ணிட்ட அமைப்பு எதுவும் அவற்றைச் சுமப்பதாகத் தெரியவில்லை. இரண்டு நச்சு மரபணுவுக்கும் நடுவில் டிசிடி-ஈ என்ற, ஹோலின் (ஃபேஜ்கள் சவ்வில் துளை போடப் பயன்படுத்தும் புரதம்) போன்ற சிறு மரபணு. அது நச்சு வெளியேறக் கட்டாயமா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. நச்சற்ற விகாரங்களில் 19.6 கிலோபேஸ் கொண்ட இந்தப் பகுதி முழுவதும் இருக்காது. அந்த இடத்தில் 115 பேஸ் மட்டும் நிற்கும். இருபுறமும் உள்ள மரபணுக்களைப் பிடித்து நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இங்கே நேர்வழி. ஹோலினைப் புரொஃபைல் கொண்டு தேடினால் ஜீனோமில் உறங்கும் ஃபேஜ்களின் ஹோலின்கள் எல்லாம் கை தூக்கும்.

ஓட்டத்தைத் தொடங்கும் முன் நான்கு ஜீனோமைச் சோதனைக்கு வையுங்கள். விப்ரியோ காலரே என்16961இல் வகை 2 முழுதாக வர வேண்டும், பெப்டிடேஸ் தனியே நிற்க வேண்டும். கே-12இல் வகை 2 'உண்டு' என வர வேண்டும், வகை 3 ஃப்ளாஜெல்லாவாக மட்டுமே வர வேண்டும். பெர்டுசிஸ் டோஹாமா-1இல் பிடிஎல் ஒன்பதும், சிறிய ஐ உட்பட, வர வேண்டும். நான்காவது பிசிஜி தடுப்பூசி விகாரம்: ஆர்டி1 என்ற சுமார் 9.5 கிலோபேஸ் பகுதி போனதால் வகை 7இன் இஎஸ்எக்ஸ்-1 அதில் பாதியில் அறுந்திருக்கும். அதை 'முழுமை' என்றோ 'அறவே இல்லை' என்றோ உங்கள் முறை சொன்னால் வரம்புகளைத் திருத்துங்கள்.

அட்டவணையில் கறுப்பு வெள்ளை போதாது. 'முழுமை', 'உடைந்தது', 'துண்டின் முனையில் வெட்டுப்பட்டது', 'கண்டறியப்படவில்லை' என்று நான்கு நிறம் கொடுங்கள். 'இல்லை' என்ற சொல்லை, மூடிய ஜீனோமில் இருபுற மரபணுக்களும் கிடைத்து நடுவில் இடம் காலியாக இருக்கும்போது மட்டும் எழுதுங்கள்.